பூசணத்துக்குச் சோறு போட்ட காலம்

சோறு கெட்டுப்போனால் சந்தோஷப்படும் ஆட்கள் உலகத்தில் எங்கள் தொழில்காரர்கள் மட்டும்தான். ரொட்டியில் பச்சை படர்ந்தால் மற்றவர்கள் தூக்கி எறிவார்கள். நாங்கள் கண்ணாடித் தட்டை எடுத்துக்கொண்டு ஓடுவோம். சோற்றுப் பூசணம், மழைக்குப் பூக்கும் காளான், உடம்பில் வரும் படை, மர வேரில் ஓடும் வெள்ளை நூல், எல்லாம் எங்களுக்கு ஒரே குடும்பம். நீங்களும் எங்காவது ஓர் ஆய்வுக்கூடத்தில் சீசா கழுவியவராக இருந்தால், வீட்டில் இருப்பவர்கள் உங்கள் சட்டையை முகர்ந்து முகம் சுளித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களிடம் இந்த வேலையைப் பற்றிப் பேச்செடுத்தால், முதலில் கையைக் கழுவிவிட்டு வா என்பார்கள்.

ஜப்பான் சண்டைக்கு முன்னால் ரப்பர் மர நோய்களை ஆராயும் ஓர் அலுவலகத்தில் உதவியாளனாக இருந்தேன். வெள்ளைக்கார அதிகாரி கப்பல் ஏறியதும் வேலை போயிற்று. மலாக்காவில் காஜா பெராங்கில் ஒரு வீட்டுப் பின்னறையில் குடியிருந்தேன். வீட்டுக்காரர்கள் மலாக்காச் செட்டி வம்சம். நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். வீட்டம்மாவை நான் காக்காக் என்று கூப்பிடுவேன். அவர்கள் பேச்சில் அது அக்கா. அவர் கணவரை அபாங் என்பேன், அது அண்ணன். இருவரும் மலாயில் சொன்னதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன். குமாஸ்தாவை அங்கே கிராணி என்பார்கள்; அவர்களுக்கு நான் காளான் கிராணி.

முதல் சோறு

ஜப்பான்காரன் வந்து இரண்டு மாதம் இருக்கும். என் பெயர் எழுதிய தாளோடு ஒரு சிப்பாய் வாசலில் வந்து நின்றான். அபாங்கின் முகம் வெளிறிவிட்டது. அப்படிக் கூட்டிக்கொண்டு போன ஆட்களில் பலர் திரும்பாத நேரம் அது. ஆனால் சிப்பாய் என்னைக் கொண்டுபோய் விட்டது இரண்டு தெரு தள்ளி, சொந்தக்காரர் ஓடிப்போன ஒரு பங்களாவில். மேசைமேல் என் பழைய அலுவலகத்து மைக்ராஸ்கோப் இருந்தது. அதன் பின்னால் நாற்பது வயது மனிதர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெயர் மோரிதா. ராணுவச் சட்டை போட்டிருந்தாரே தவிர, அவர் ஊரில் பூசண ஆராய்ச்சி செய்த வாத்தியார். எனக்கு ஜப்பான் பாஷை தெரியாது, அவருக்கு ஆங்கிலம் அரைகுறை. பூசணங்களின் லத்தீன் பெயர்கள் மட்டும் இரண்டு பேருக்கும் தெரியும். அன்றைக்கு அந்தப் பெயர்களை மாற்றி மாற்றிச் சொல்லியே ஒருவரை ஒருவர் எடைபோட்டுக்கொண்டோம்.

முதல் வேலை சோறு வேகவைப்பது. அவர்கள் சூப்பில் கரைக்கும் சோயாப் பசைக்கு ஒரு பூசணம் வேண்டும். அந்தப் பூசணம் வளர நல்ல அரிசி வேண்டும். ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தபோது நான் ஒரு மூட்டை வெள்ளை அரிசியைக் களைந்து, ஆவியில் வேகவைத்து, மரத்தட்டுகளில் பரப்பி ஆறவைத்து, பூசண வித்தைப் பொடியாகத் தூவினேன். இரண்டு நாளில் சோறு முழுக்க வெள்ளைப் பஞ்சு பூத்து, அவித்த பலாக்கொட்டை வாசனை வந்தது. மோரிதா குழந்தை போலக் கைகொட்டினார்.

ஒரு பருக்கைகூட வெளியே போகக் கூடாது என்று வாசலில் காவல் போட்டிருந்தார்கள். சோற்று ஆவிக்குக் காவல் போட முடியவில்லை. அது காஜா பெராங் முழுக்கப் போயிருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது காக்காக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து என் சட்டைக் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"பூசணம் குடுத்து வச்சது, கிராணி. அதுக்குச் சோறு போட ஆள் இருக்கு."

வேர்

ராணுவத்துக்கு ரப்பர் வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. புக்கிட் பாருவைத் தாண்டி ஒரு தோட்டத்தில் மரங்கள் வரிசையாகச் சாகின்றன என்று தகவல் வரவே மோரிதாவும் நானும் போனோம். இலை வெளுத்து உதிரும். அப்புறம் ஒரு மழைக்காற்று போதும், மரம் அப்படியே சாய்ந்துவிடும். தோண்டிப் பார்த்தால் வேர்மேல் வெள்ளை நூல் வலை பின்னியிருக்கும். அதற்கு வைத்தியம், நோய்ப்பட்ட மரத்தைச் சுற்றி ஆழமாகப் பள்ளம் வெட்டி, பக்கத்து மரத்து வேரிலிருந்து பிரித்துவைப்பது.

பள்ளம் வெட்ட வந்தவர் முனியாண்டி. அந்தத் தோட்டத்தில் மரம் சீவும் தொழிலாளி, லயம் எனப்படும் வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருப்பவர். என் வயதுதான், முப்பது இருக்கும். பேச்சு குறைவு. மோரிதா ஒவ்வொரு வேரையும் பச்சைப்பிள்ளையைத் தூக்குவது போல ஏந்தி, ஈரத்துணியில் சுற்றி, எண் எழுதிப் பெட்டியில் வைத்தார். முனியாண்டி மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு அதையே பார்த்தார். ஏழாவது மரத்திலோ எட்டாவது மரத்திலோ நெற்றி வியர்வையை வழித்து உதறிவிட்டு என்னிடம் சொன்னார்:

"மரத்துக்குச் சீக்குன்னா தொரை ஈரத்துணி கொண்டாந்து சுத்துறாரு. லயத்துல எங்க வரிசையிலயே பதினோரு பேரு காய்ச்சல்ல கெடக்குறாங்கய்யா. வந்தது வந்தீங்க, அங்கயும் ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க."

காக்காக்கின் வில்லை

பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்து லாரிகள் நின்றன. மரவள்ளிக்கிழங்கிலிருந்து சாராயம் காய்ச்சி அதில் லாரி ஓட்டுவது என்று முடிவானது. கிழங்கின் மாவு முதலில் சர்க்கரையாக வேண்டும், சர்க்கரை சாராயமாக வேண்டும். இரண்டுக்கும் எங்கள் பூசணக் குடும்பத்து ஆட்கள்தான் உழைக்க வேண்டும். மோரிதா கொண்டுவந்த வித்து நம் ஊர் வெக்கையில் சரியாக வேலை செய்யவில்லை. பீப்பாய் பீப்பாயாகப் புளித்து வீணானது.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தெரிந்ததைச் சொல்லிப் பேர் வாங்கும் ஆசை யாரைத்தான் விட்டது? எங்கள் வீட்டம்மா தாப்பாய்க்கு வில்லை செய்வார் என்று சொல்லிவிட்டேன். தாப்பாய் என்பது கிழங்கையோ அரிசியையோ வேகவைத்து, இலையில் பொதிந்து, இனிக்க இனிக்கப் புளிக்கவைக்கும் பலகாரம். அதைப் புளிக்கவைப்பது ஒரு சின்ன வெள்ளை வில்லை. அரிசி மாவோடு பூண்டும் சித்தரத்தையும் அரைத்து, பழைய வில்லை ஒன்றைப் பொடித்துக் கலந்து, தட்டி வெயிலில் காயவைப்பார் காக்காக். அவர் செய்ததை மோரிதா கிழங்குக் கூழில் போட்டுப் பார்த்தார். மூன்றாம் நாள் பீப்பாய் நுரைத்துப் பொங்கியது.

மோரிதா அன்றே வீட்டுக்கு வந்தார். காக்காக் ஒரு தட்டில் தாப்பாய் வைத்தார். இரண்டு விரலால் எடுத்து வாயில் போட்டவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து காக்காக்குக்குத் தலை வணங்கிவிட்டு என் பக்கம் திரும்பினார். ஒரே மூச்சில், குரல் மாறாமல் சொன்னார்:

"என் அம்மா வீட்டுப் பின்கட்டில் இதே வாசனைதான். இனிமேல் இவர் செய்யும் வில்லை எல்லாம் ராணுவத்துக்கு."

இரண்டு படை

முனியாண்டி கூப்பிட்டாரே, அன்றைக்கே லயத்துக்குப் போயிருந்தேன். காய்ச்சலுக்கு என்னிடம் மருந்து இல்லை. போய் நின்றுவிட்டு வந்ததுதான். முனியாண்டியின் மனைவி அஞ்சலை, இடுப்பில் பெண்குழந்தையை வைத்துக்கொண்டு, சீனி இல்லாத வரக்காப்பி கொடுத்தார். அங்கே நான் கண்டது படை. சவுக்காரம் இல்லை, மாற்றுத்துணி இல்லை, பாதிப் பேருக்கு மேல் தோலில் வளையம் வளையமாக அரிப்பு. ரோட்டில் ஒரு படை, முதுகில் ஒரு படை என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள், மெதுவாக. அவர்களிடமிருந்து கொஞ்சம் சுரண்டிக்கொண்டு வந்து பங்களாவில் தட்டுகளில் வளர்த்துவைத்தோம். மோரிதாவுக்கு எல்லாப் பூசணத்திலும் ஒரு பிரியம்.

அடுத்த வருஷம் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். ஒட்டுநோய்க்காரர்கள் அங்கே வேண்டாம் என்று ஓர் உத்தரவு வந்தது. ஆகவே பிடித்த ஆட்களைப் பங்களா முற்றத்தில் வரிசையாக நிறுத்தி, தோலைச் சுரண்டி, கார நீரில் ஊறவைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது என் வேலை ஆயிற்று. நூல் நூலாகப் பூசணம் தெரிந்தால் ஆள் வீட்டுக்குப் போகலாம். தெரியாவிட்டால் லாரி. பொய் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நான் பார்த்த ஒவ்வொன்றையும் மோரிதா மறுபடியும் பார்த்தார். அவர் தோளுக்குப் பின்னால் துப்பாக்கியோடு ஒரு சார்ஜன்ட் நின்றான்.

நோய் இருக்கிறது என்று சொன்னால் ஒரு மனிதன் சிரிப்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. இல்லை என்று சொன்னால் அழுவதையும் அங்கேதான் பார்த்தேன். சின்னையா என்று ஒருவர். குளித்துத் துடைத்த மாதிரி சுத்தமான தோல். முதுகு, அக்குள், தொடை, விரலிடுக்கு எல்லாம் சுரண்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. தலையை ஆட்டினேன். அவர் நகரவில்லை. கையை மறுபடி என் முன்னால் நீட்டினார்.

"இன்னொரு தடவ சொரண்டிப் பாருங்கய்யா, உள்ள இருக்கும்."

ஒரே வயது

அடுத்த தொகுதிக்கு மூன்று வாரம் இருந்தது. பெயர்ப்பட்டியலில் முனியாண்டி இருந்தார். ஒரு நாள் பிற்பகல், மோரிதா பண்டார் ஹிலிரில் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தபோது, பங்களாவின் பின்பக்கம் வந்து நின்றார். வேர் கொண்டுவந்திருக்கிறேன் என்று காவல்காரனிடம் சொல்லியிருக்கிறார். கையில் நிஜமாகவே ஒரு கட்டு வேர்.

"ஐயா, படையத் தட்டுல வளக்கிறீங்களாமே. எனக்குக் கொஞ்சம் குடுங்க."

"முனியாண்டி, அது மருந்து இல்லை. நோய்."

"தெரியும்யா. நோய்தான் கேக்குறேன்."

அவர் சட்டையைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தினார். அவ்வளவுதான், கெஞ்சவில்லை. அந்த முதுகில் ஒரு தழும்புகூட இல்லை. தேங்காய் நாரால் ஐந்து இடத்தில் தோல் சிவக்கத் தேய்த்து, தட்டிலிருந்து வழித்துப் பூசினேன். ஒட்டுநோயை ஒழிக்கத்தான் இந்த வேலைக்கு வந்தேன் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தவன். அவர் அசையவில்லை. குளிக்காதே, சட்டை ஈரமாகவே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து வரிசையில் வந்தார். முதுகில் ஐந்து வளையங்கள், ஓரம் சிவந்து, செதில் உதிர்ந்து, பாடப்புத்தகத்துப் படம் மாதிரி. சுரண்டிப் பார்த்தேன், நூல் இருந்தது. மோரிதாவும் பார்த்தார். பிறகு மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்து போய், முனியாண்டியின் முதுகுக்குப் பக்கத்தில் குனிந்து நின்று ஒவ்வொரு வளையத்தையும் விரலால் அளந்தார். ஐந்தும் ஒரே அளவு. தானாக வரும் படையில் பெரிதும் சிறிதுமாகத்தான் இருக்கும். இது இரண்டு பேருக்குமே தெரியும். சார்ஜன்ட் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். மோரிதா மேசைக்கு வந்து முனியாண்டியின் பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டு, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், சார்ஜன்ட்டுக்குப் புரியாத ஆங்கிலத்தில் சொன்னார்:

"ஐந்தும் ஒரே வயது. இனி ஒருவருக்கும் வேண்டாம்."

காக்காக்கின் கை

இந்த மாதிரி விஷயம் லயத்தில் கசியாமல் இருக்குமா? அந்த வாரமே ஒன்பது பேர் வந்தார்கள், தனித்தனியாக. தட்டு உடைந்துவிட்டது என்றேன். பூசணம் செத்துவிட்டது என்றேன். ஒருவரிடம் எனக்கு ஒன்றும் தெரியாது என்றே சொன்னேன். தட்டுகள் என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில்தான் இருந்தன. பயந்துவிட்டேன், வேறு என்ன சொல்ல? ஒன்பது பேரும் லாரி ஏறினார்கள். சின்னையா முதல் லாரியிலேயே போயிருந்தார்.

லாரிகள் காஜா பெராங் வழியாகத்தான் ஸ்டேஷனுக்குப் போயின. நானும் காக்காக்கும் ரோட்டோரம் நின்றோம். ஆட்கள் எங்களைப் பார்த்தார்கள், கையசைக்கவில்லை. கடைசி லாரி புகையைக் கக்கிக்கொண்டு திரும்பியபோது காக்காக் மூக்கை உறிஞ்சினார். மறுபடியும் உறிஞ்சினார். பெட்ரோல் நாற்றம் இல்லை அது. "கிராணி, லாரி என் அடுப்படி வாசனை அடிக்குது" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதுவரை அந்த வில்லைகள் எங்கே போகின்றன என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும்தான்.

அதற்குப் பிறகு அவர் வில்லைகளை வெயிலில் காயவைப்பதை விட்டுவிட்டார். அடுப்புக்கு மேலே, சூட்டில் காயவைத்தார். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் உயிர் முக்கால்வாசி செத்துவிடும் என்று எனக்குத் தெரியும். நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன். பீப்பாய்கள் நுரைக்கவில்லை. மோரிதா நேரில் வந்து விசாரித்தார். நாற்பது வயதைத் தொடாத காக்காக் அவருக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"வயசாகுது, துவான். கை பழைய மாதிரி இல்ல."

கை கால்

முனியாண்டிக்கு எட்டு மாதம் கிடைத்தது. அதற்குள் வளையங்கள் முதுகு நிறையப் படர்ந்து, தோளைத் தாண்டி மார்புக்கு வந்துவிட்டன. சோதனைக்குச் சோதனை அது அவரைக் காப்பாற்றியது. பார்க்கும்போதெல்லாம் "நல்லா வளருதுங்கய்யா" என்பார், ஏதோ கத்தரிச்செடியைச் சொல்வது போல.

ஒரு காலை நானும் மோரிதாவும் வேர் பார்க்கத் தோட்டத்துக்குப் போனபோது லயத்து வாசலில் லாரி நின்றது. இந்த முறை வரிசை இல்லை, சுரண்டல் இல்லை. வீட்டுக்குள் புகுந்து இழுத்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முனியாண்டி லாரிக்குள் சட்டையில்லாமல் நின்றார். அஞ்சலை குழந்தையோடு லாரியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் சிப்பாயிடம் அவர் முதுகைக் காட்டி, நோய், நோய் என்று எனக்குத் தெரிந்த ஜப்பான் சொல்லால் கத்தினேன். மோரிதாவும் ஏதோ சொன்னார். சிப்பாய் அவருக்கு ஒரு தாளைக் காட்டினான். அதைப் படித்துவிட்டு அவர் ஒதுங்கி நின்றுகொண்டார். முனியாண்டி என்னைப் பார்த்து, விடுங்கய்யா என்பது போலத் தலையசைத்தார். லாரி போன பிறகு, பட்டியலைக் கையில் வைத்திருந்த தோட்டத்துக் கிராணி என் பக்கம் வந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்:

"படை, சிரங்கு எதுவும் இனிமே சேத்தி இல்லயாம் சார். கையும் காலும் இருந்தாப் போதுமாம்."

ஜாடி

கடைசி வருஷம். அபாங் உஜோங் பாசிரில் ஒரு துண்டு நிலத்தில் மரவள்ளி போட்டிருந்தார். மண்வெட்டி தவறிக் கணுக்காலில் பட்டது. சின்னக் காயம்தான். நாலு நாளில் கால் முழங்கால்வரை வீங்கிச் சீழ் வைத்தது. ஆஸ்பத்திரியில் கட்டுத்துணிகூட இல்லை. வாழைப்பட்டையைச் சுற்றி அனுப்பினார்கள்.

மோரிதாவுக்கு அந்தச் சமயம் ஊரிலிருந்து ஒரு நண்பர் கடிதம் எழுதியிருந்தார். ஏதோ ஒரு நீலப் பூசணத்தின் சாறு சீழ்க்கிருமியைக் கொல்கிறதாம், வெள்ளைக்காரன் கண்டுபிடித்துவிட்டானாம். அதற்குமேல் விவரம் இல்லை. எலுமிச்சைத் தோல், பழைய ரொட்டி, ஈரச்செருப்பு என்று அகப்பட்டதிலெல்லாம் இருந்த நீலப் பூசணத்தைப் பதினெட்டு ஜாடிகளில் வளர்த்தோம். அபாங்கின் சீழைத் தட்டில் தடவி, ஒவ்வொரு ஜாடிச் சாற்றையும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தோம். பதினோராவது ஜாடிச் சொட்டைச் சுற்றி மட்டும் கிருமி இல்லாமல் நிலா மாதிரி ஒரு வட்டம். மோரிதா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அதிகாரி, வேலைக்காரன் எல்லாம் அந்த நிமிஷத்தில் மறந்துபோயிற்று.

வடிகட்டிய சாற்றைப் புண்ணில் ஊற்றி ஊற்றிக் கட்டினோம். இரண்டாம் நாள் சீழ் குறைந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கி அபாங் கஞ்சி கேட்டார். காக்காக் சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார். அந்த ஜாடி அன்றோடு தீர்ந்தது. அதே பூசணத்தை எடுத்துப் புதிதாகப் போட்ட ஜாடிகள் எதிலும் வட்டம் வரவில்லை. ஏன் என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை, இப்போதும் முழுசாகத் தெரியாது. ஏழாம் நாள் மத்தியானம் அபாங் போய்விட்டார். மோரிதா வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சவத்துக்கு முன்னால் தரையில் நெற்றி படக் குனிந்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை, உட்காரவும் சொல்லவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் காக்காக் என் அறைக் கதவைத் தட்டினார். நான் ஆறுதல் சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர் அதற்கு வரவில்லை.

"ஜாடியெல்லாம் கழுவி வெயில்ல வச்சிருக்கேன், கிராணி. அடுத்த ஆளுக்கு ஆகும்."

மருந்து

ஜப்பான்காரன் தோற்றான். மோரிதா மைக்ராஸ்கோப்பைத் துடைத்து உறைபோட்டு மூடி, பங்களாச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, கைதிகள் வரிசையில் போய் நின்றார். புது அதிகாரிகள் வரும்வரை நான் அந்தப் பங்களாவில் தனியாகத் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். சயாமிலிருந்து ஆட்கள் ஒருவர் இருவராகத் திரும்பினார்கள். அப்படி வந்த ஒருவர்தான் முனியாண்டி முகாமில் வாந்திபேதியில் இறந்ததை அஞ்சலையிடம் சொல்லியிருக்கிறார்.

ஒரு நாள் காலை அஞ்சலை குழந்தையை நடத்திக் கூட்டிக்கொண்டு வந்தார். குழந்தையின் கழுத்திலும் வயிற்றிலும் வளையம் வளையமாகப் படை. அஞ்சலையின் இடது முழங்கைக்குக் கீழேயும் ஒன்று. எங்கிருந்து ஒட்டியது என்று நான் கேட்க வேண்டியதில்லை. என் தட்டில் வளர்ந்தது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. சீமை அகத்தி இலையை அரைத்து, பழைய அலுவலகப் பெட்டியில் மிச்சம் இருந்த கந்தகத்தோடு தேங்காயெண்ணெயில் குழைத்தேன். குழைத்துக்கொண்டே, தரையைப் பார்த்தபடி சொன்னேன்:

"நான்தான் அஞ்சலை. இது நான் கொடுத்த வியாதி."

"தெரியும்யா. அவரு அன்னிக்கே வந்து சொன்னாரு."

"என்னால் அவரைக் காப்பாற்ற முடியவில்லையே."

அஞ்சலை குழந்தையின் சட்டையைக் கழற்றினார். அதை மடித்துக்கொண்டே சொன்னார்: "எட்டு மாசம் வீட்ல இருந்தாரு. சொறிஞ்சிக்கிட்டே இருந்தாரு, ஆனா இருந்தாரு. புள்ள அப்பான்னு கூப்பிட்டது அந்த எட்டு மாசத்துலதான்யா."

குழந்தைக்குக் கழுத்திலும் வயிற்றிலும் மருந்து தடவினேன். எரிச்சலில் அது கத்தியது. அஞ்சலை அதன் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மிச்ச மருந்தை எடுத்துக்கொண்டு, கையை நீட்டும்மா என்றேன். அவர் முந்தானையை இழுத்து முழங்கையை மூடிக்கொண்டார்.

"எனக்கு வேணாம்யா. இது அவருகிட்டருந்து ஒட்டுனது. கொஞ்ச நாளு இருக்கட்டும்."

மூன்றரை வருஷம் மரம், மனிதர், பீப்பாய் என்று எல்லாப் பூசணத்தோடும் மல்லுக்கட்டியதில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை, நல்ல முதுகு ஒன்றில் நோயை ஒட்டவைத்ததுதான்.